பத்துக்கு ஒன்பது

சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை ஆராதனையில் எங்கள் பாடகர் குழுவிலிருந்து ஒருவர் மட்டும் தனியாக ஒரு சரணம் பாட வேண்டும். போன வருஷம் அந்த ஒரு சரணத்துக்காக ஒரு மாதம் ஐஸ் தண்ணீரைத் தொடாமல் இருந்தேன். போட்டிக்கு மூன்று பேர்: வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இருபத்து மூன்று வயதுப் பெண், எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நடுவில் ஐம்பத்தொரு வயதில் நான். குளியலறையில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

மூவரும் பாடி முடித்தோம். குழுவை நடத்தும் தம்பி, செல்போனில் எடுத்த பதிவைப் போடுவதற்கு முன் ஆளுக்கொரு துண்டுச்சீட்டை நீட்டினார்.

"அவங்கவங்க மார்க்க அவங்கவங்களே போடுங்க. பத்துக்கு."

அந்தப் பெண் நான்கு போட்டாள். வாத்தியார் ஆறு. நான் தற்பெருமை ஆகாது என்று ஒன்றைக் குறைத்து ஒன்பது.

பதிவு ஓடியது. அவள் பாட்டுக்கு எட்டு தாராளமாகக் கொடுக்கலாம். வாத்தியாருக்கு ஆறேதான்.

"எப்படி சார் இவ்வளவு கரெக்டா?" என்றேன்.

"முப்பத்தஞ்சு வருஷம் பேப்பர் திருத்தியாச்சு. நம்ம பேப்பரும் அந்தக் கட்டுலதான வே கெடக்கு."

அடுத்து என் குரல். ஆர்மோனியம் சரணத்தை முடித்து நின்றுவிட்டது; நான் இன்னும் மூன்றாவது வரியில் உருகிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, ஏன் இந்த இழுப்பு இழுத்திய?" என்றார் தம்பி.

"நீங்கதான பையப் பாடச் சொன்னிய?"

"சத்தத்தக் குறைக்கச் சொன்னேன். வேகத்த இல்ல!"

எங்கள் ஊரில் இரண்டுக்கும் 'பைய'தான். மேடையில் கூடுதல் நேரம் நிற்க வைக்கும் அர்த்தத்தை நான் எடுத்துக்கொண்டேன். சத்தமோ கொஞ்சமும் குறையவில்லை.

"வே, ஆர்மோனியம் வீட்டுக்குப் போயி காப்பியும் குடிச்சாச்சு. நீரு இன்னும் பாடுதீரு" என்றார் வாத்தியார்.

சரணம் அந்தப் பெண்ணுக்குப் போனது. "எனக்கு வராதுண்ணே" என்று அவள் அழாத குறையாக நின்றாள். 'வராதாம்ல்லா, விட்டுருங்களேன்' என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

தம்பி என் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இப்பதான் கேட்டாச்சுல்லா அண்ணாச்சி. திருத்தணும்னா திருத்துங்க."

பேனாவை வாங்கி, மனசாட்சியோடு வெகுநேரம் போராடினேன். ஒன்பதை அடித்துவிட்டு எட்டரை என்று எழுதினேன். குறைத்த அரை மார்க் ஆர்மோனியம் அவசரப்பட்டதற்கு.