ஜன்னலோரத்து மப்ளர்

திருத்தணியில் ரயில் கிளம்பும் முன்பே ஜன்னலோரத்தைப் பிடித்து, ஷட்டரை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார் அந்த ஆள். நெற்றி நிறைய விபூதி. சித்திரை வெயிலிலும் காதை மூடிய மப்ளர். பக்கத்தில் நாங்கள் புழுங்கிச் சாக வேண்டும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "காத்து வேணாம்னா இந்தாண்ட உக்காருங்களேன்" என்றேன்.

ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "ஆங், நல்லா கீதே! நான் அந்தாண்ட வந்தா நீங்க தொறந்து வச்சிகினு வருவீங்க. காத்து எம்மேலதானே அடிக்கும்?"

என்ன ஜன்மமோ! மறுநாளிலிருந்து அவருக்கு முன்பே போய் அந்த இடத்தைப் பிடித்துவிடுகிறேன். ஷட்டரைத் தொட யாரையும் விடுவதில்லை. நேற்று நல்ல மழை. பக்கத்திலிருந்தவர்கள் மூடச் சொல்லிக் கெஞ்சினார்கள். அரக்கோணம் வரை தொப்பலாக நனைந்துகொண்டு, மூடாமலே உட்கார்ந்திருந்தேன்.

எதிர் சீட்டில் அவர் மட்டும் மப்ளருக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.