கௌரி கணவாயைக் கடந்த நாள்

வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. என் கையெல்லாம் பசை. மனைவிதான் எடுத்தாள். கேட்டுவிட்டு, அதை என் காதில் வைத்தாள். கௌரியின் மகள் சுபா பேசினாள்.

"பெரியப்பா, அம்மா எங்களை விட்டுட்டுப் போட்டா. காலமை நித்திரையிலையே..."

நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. "அம்மான்ரை சைக்கிள் எங்கை நிக்குது?" என்று கேட்டேனாம். சுபா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாளாம். பிறகு மனைவி சொல்லித்தான் தெரியும்.

கௌரி என் மனைவியின் தங்கை. இந்த நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று சுபா கேட்டபோது தயங்கினேன். இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறி ஓய்வுபெற்றவன் நான். கோடு கீற வரும், ஆளை எழுத வருமா என்பது இதை எழுதும்போதும் தெளிவாகவில்லை. இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு அவள் கோயிலில் மோதகம் அவிக்கும் கௌரி அக்கா. சிலருக்கு இங்கே, ஜேர்மனியின் லின்டாவ் ஏரிக்கரையில், விடுதியொன்றின் சலவை அறையில் கூட வேலை செய்தவள். ஆனால் சரளைப் பாதைகளில் அவளுக்குப் பின்னால் சைக்கிள் உழக்கியவன் நான் ஒருவன்தான். ஆகவே அந்தப் பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

என்னைச் சைக்கிளில் ஏற்றியது என் சர்க்கரை வியாதி. வைத்தியர் நடக்கச் சொன்னார். கௌரி, "நடந்தால் வழியிலை ஆரையும் கண்டு கதைச்சுக்கொண்டு நிப்பியள். உழக்கினால்தான் சீனி கரையும்" என்று தீர்ப்பை மாற்றினாள். அவளுடைய சைக்கிளை யாரோ வீதியோரம் பழைய தளபாடங்களோடு எறிந்திருந்தார்கள். ஆட்டுக்கொம்பு போல வளைந்த கைபிடி உள்ள பந்தயச் சைக்கிள். அதில் பருத்த ரயர்களைப் பூட்ட அவள் ஒரு முழுச் சனிக்கிழமை பாடுபட்டாள். பக்கத்து வீட்டு ஜேர்மன்காரர் பார்த்துவிட்டு, இது பந்தயத்துக்கும் உதவாது, மலைக்கும் உதவாது என்றார். "அப்ப ரெண்டுக்கும் நடுவிலை ஓடுறன்" என்றாள். கல்லும் மண்ணும் கலந்த பாதையில் அந்தச் சைக்கிள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, அடுத்த வருடம் அவரும் தம்முடைய ரயர்களை மாற்றினார்.

எங்கே ஓடலாம் என்பதுதான் பெரிய கேள்வி. கௌரிக்கும் சுபாவுக்கும் அப்போது இருந்தது டுல்டுங். திருப்பி அனுப்புவதைக் கொஞ்சக் காலத்துக்குத் தள்ளிப்போடுகிறோம் என்று சொல்லும் தாள் அது. அதை வைத்துக்கொண்டு பவேரியா மாநிலத்தை விட்டு வெளியே போகக்கூடாது. நாட்டின் எல்லையைத் தாண்டினால் அந்தக் கணமே தாள் செத்துவிடும். எங்கள் ஏரியிலோ பவேரியாவுக்குக் கிடைத்த கரை ஒரு கைக்குட்டை அளவு. மேற்கே கொஞ்சம் உழக்கினால் வேறு மாநிலம், கிழக்கே உழக்கினால் ஒஸ்ரியா. நான் வரைபடத்தில் சிவப்புக் கோடு கீறி, அதற்கு உள்ளே ஓடக்கூடிய பாதைகளை மட்டும் பச்சையில் காட்டினேன். கௌரி அதற்கு "அத்தான்ரை வேலி" என்று பெயர் வைத்தாள்.

"ஊரிலை எண்டால் ராவோடை ராவாய் வேலிக் கதியாலைத் தள்ளி நட்டிருப்பம். இஞ்சை அதுவும் ஏலாது" என்றாள்.

நொன்னன்ஹோர்ன் கிராமத்தில் திராட்சைத் தோட்டங்கள் ஏரியை நோக்கிச் சரிந்து இறங்கும். நிரைகளுக்கு நடுவே சரளைப் பாதை. ஊரில் முந்திரிகை என்று சொல்லும் இந்தக் கொடி பந்தலில் படரும், இங்கே வேலியைப்போல் நிமிர்ந்து நிற்கிறது என்று அவள் ஒவ்வொரு முறையும் சொல்வாள், முதன்முறை காண்பவள்போல. ஓர் இலையுதிர் காலத்தில், பழம் வெட்டும் நாட்களில், தோட்டக்காரப் பெண்மணி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிச் சத்தமிட்டார். அத்துமீறி வந்துவிட்டோம் என்று நான் பயந்து சட்டைப்பையிலிருந்து தாள்களை எடுத்தேன். அவரோ, வரவேண்டிய கூலியாட்கள் நாங்கள்தான் என்று எண்ணியிருந்தார். நான் விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள் கௌரி கத்தரிக்கோலை வாங்கிவிட்டாள். ஒரு நிரை முழுவதும் வெட்டிய பிறகே உண்மை வெளிப்பட்டது. அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே பாணும் பாற்கட்டியும் பழச்சாறும் கொண்டுவந்து வைத்தார்.

எனக்கு விக்கல் எடுத்தது. அவளுக்கு வேலை அனுமதி விடுதிக்கு மட்டும்தான். "கௌரி, சாப்பிடாதை. சாப்பிட்டால் அது கூலி" என்று தமிழில் எச்சரித்தேன்.

"காசு வாங்கினால் வேலை, திண்டால் விருந்து. பேசாமல் பாணை எடுங்கோ அத்தான்" என்றாள். சட்டம் படித்த எவரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஆனால் அவளுடைய மனம் இருந்தது மலையில். கோடையில் ஓரிரு முறை சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு அல்கோய் மலைகளுக்குப் போவோம். அங்கே மாடுகள் மேயும் சரிவுகளுக்கு ஊடாக ஒரு சரளைப் பாதை கணவாய்க்கு ஏறுகிறது. உச்சியில் முழங்கால் உயரத்தில் எல்லைக்கல். வாசலும் இல்லை, காவலும் இல்லை. கல்லுக்கு அப்பால் ஒஸ்ரியா, பாதை வளைந்து வளைந்து கீழே இறங்கி ஓடும். நான் பெரும்பாலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறுவேன். அவள் முன்னே போய் முன்சில்லைக் கல்லில் முட்ட நிறுத்திவிட்டு, கைபிடியில் சாய்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சில்லு இஞ்சாலை, மூச்சு அங்காலை. மூச்சுக்கு டுல்டுங் கேக்கமாட்டினம்தானே?" என்பாள்.

ஏறியவனுக்கு இறக்கம்தான் கூலி. அவளுக்கு அந்த மலையில் கிடைத்ததெல்லாம் வந்த வழியே திரும்பும் இறக்கம். அந்தப் பக்கம் ஒரு முறை இறங்க வேண்டும் என்பதைத் தவிர அவள் இந்த நாட்டிடம் வேறொன்றும் பெரிதாகக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் நான், "கௌரி, கவனம்" என்பேன். ஒவ்வொரு முறையும் அவள் சைக்கிளைத் திருப்பினாள். அது எவ்வளவு கனமான காரியம் என்பது இப்போதுதான் எனக்குச் சரியாக விளங்குகிறது.

ஒருநாள் வதிவிட அனுமதி வந்தது. நீண்ட காலம் இருந்தவர்களுக்கு வழங்கும் புதிய விதியின்கீழ். கௌரி தாளைச் சாமிப்படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுவிட்டு நேராகக் கேட்டாள்: "அத்தான், மலைக்கு ரயில் எத்தினை மணிக்கு?"

நான் உடனே சம்மதிக்கவில்லை. அனுமதியில் எழுதியிருந்ததை ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். போகலாம், வரலாம் என்றார்கள். ஆனாலும் அவளுடைய கடவுச்சீட்டு, அனுமதி, அவற்றின் பிரதிகள் எல்லாவற்றையும் மழைக்காகப் பிளாஸ்டிக் உறையில் இட்டு என் பையில் வைத்தேன். வழியில் மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன்.

கல்லடியில் போய் நின்று உறையை அவளிடம் கொடுத்த பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. என்னுடைய கடவுச்சீட்டு வீட்டு மேசையில் கிடந்தது.

கௌரி சிரித்த சிரிப்பில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலையை நிமிர்த்தின. "ஐயோ அத்தான்! இண்டைக்கு நீங்களல்லோ டுல்டுங்!"

"நீ போட்டு வா. நான் நிக்கிறன்."

"ஒருத்தரும் இல்லை, மாடுதான் நிக்குது. வாங்கோ."

"ஏலாது கௌரி. சட்டம் எண்டால் சட்டம்."

அவள் மேலும் வற்புறுத்தவில்லை. இத்தனை வருடமாக என் பயத்தை மதித்துப் பழகியவள். "அப்ப நான் ஒவ்வொரு வளைவிலையும் மணி அடிக்கிறன். கேட்டால் நான் சுகமாய்ப் போறன் எண்டு நினையுங்கோ" என்றாள். முன்சில்லு கல்லைத் தாண்டியது. பின்சில்லும் தாண்டியது. சரளை தெறிக்க இறங்கினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி கேட்டது. மறுபடி கேட்டது, தூரத்தில். பிறகு மிக மெல்லியதாக. பிறகு காற்றுச் சத்தம் மட்டும். நான் கல்லின் இந்தப் பக்கத்தில் நின்று என் வழக்கப்படி நடக்கக்கூடிய கெடுதல்களை வரிசைப்படுத்தினேன். விழுந்திருப்பாள். பிடித்திருப்பார்கள். தாளில் ஏதோ ஒரு வரியை நான் தவறாக வாசித்திருப்பேன், இனி உள்ளே வர விடமாட்டார்கள். கேட்டு உறுதிசெய்த ஒவ்வொன்றையும் மறுபடி சந்தேகித்தேன்.

வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து மணி கேட்டது. ஒரு வளைவு. கொஞ்சம் பொறுத்து அடுத்த வளைவு. முகம் சிவந்து, மூச்சு வாங்க, பையில் ஒரு போத்தலோடு கௌரி மேலே வந்து சேர்ந்தாள். கீழே மலைக்குடிசையில் வாங்கிய மோர்.

"அங்காலையும் புல்லுப் பச்சைதான் அத்தான். இதுக்கோ என்னை இவ்வளவு வருஷம் மறிச்சவை?" என்று சிரித்தாள். சிரித்து முடிய முதல் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மோர் ஒஸ்ரியா மோர். நான் உங்களுக்குப் பிணை நிக்கிறன், குடிக்க ஒரு காலையாவது அங்காலை வையுங்கோ" என்றாள். வைத்தேன். இடது கால். ஒன்றும் நடக்கவில்லை.

அவளை அறிந்த உங்களிடம் வேறு நினைவுகள் இருக்கும். அவை என்னுடையதைவிடப் பெரியவையாகவும் இருக்கலாம். என்னிடம் இருப்பது இதுதான். இறங்கும்போது மணி அடிப்பது எவருக்கும் சுலபம். அந்த ஏற்றத்தில், பேச மூச்சில்லாத நேரத்தில், ஒவ்வொரு வளைவிலும் அவள் கையை எடுத்து மணியை அடித்தாள், மேலே ஒருவன் பயந்துகொண்டு நிற்கிறான் என்று தெரிந்ததால். கீழேயிருந்து ஏறி வந்த அந்தச் சத்தத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.