எனக்காக அவர் சொன்ன "இல்லை"

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வவுனியா திரும்பினேன். வந்தவர்கள் எல்லோரும் "இனிச் சுகம்தானே" என்றார்கள். எரிச்சலாக வந்தது. எனக்கோ நோய் திரும்பி வருமோ என்ற பயத்தில் சோறே இறங்கவில்லை.

கனடாவிலுள்ள தங்கை, சிகிச்சை முடிந்தவர்களின் மனதுக்கு உதவும் இணையத்தளம் ஒன்றைச் சொன்னாள். கணவர் என்னைச் சைக்கிளில் ஏற்றி இன்ரநெற் கடைக்குக் கூட்டிப்போனார். ஆங்கிலம் அவருக்குத்தான் தெரியும்.

"பயமாக இருக்கிறதா?" என்று முதல் கேள்வியைத் தமிழில் வாசித்துச் சொன்னார். ஆஸ்பத்திரியில் எனக்காகப் பதில் சொல்லிப் பழகியவர், இங்கேயும் தானே "இல்லை" என்று அழுத்தினார். எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில், எனக்கு உதவி தேவையில்லை என்று வந்தது!

"புற்றுநோய் வருத்தம் எனக்கோ உங்களுக்கோ? என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?" என்று கத்தினேன்.

"நீ 'ஓம், பயமாயிருக்கு' எண்டிடுவாயெண்டு பயந்திட்டன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஓம் எண்டு போடுங்கோ."

முதலிலிருந்து தொடங்கினோம். இப்போதெல்லாம் யாராவது சுகமா என்று கேட்டால், அவர் என் முகத்தைப் பார்ப்பார். பதிலை நானே சொல்கிறேன்.