ஹைட்ரஜன்தான், விடுக்கா!

எங்கள் ஆலையில் அவளுக்குப் பெயரே பயந்தாங்கொள்ளி. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம். "பயந்தவ ராத்திரி வீட்டுல சாப்பிடுவா, உங்க கதை எனக்குத் தெரியாது" என்பாள், சிரிக்காமல். வீட்டிலும் அப்படித்தான். எவ்வளவு குளிரானாலும் சன்னலைச் சாத்தமாட்டாள். தூங்குகிற மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பக்கத்து சிமெண்ட் ஆலைப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயு எங்களுக்குக் குழாயில் வரும். அதைச் செல் எனும் மின்பகுப்புப் பெட்டிகளுக்குள் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் கார்பன் மோனாக்சைடாகும். அதிலிருந்து எரிபொருள், பிளாஸ்டிக் என்று என்னென்னவோ செய்கிறார்கள். புகையைக் காசாக்குகிறோம் என்று மேலாளர் மார்தட்டுவார். அந்த மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது என்பதை மட்டும் மென்று முழுங்கிவிடுவார். தலை கனக்கும், தூக்கம் வரும், ஆள் காலி.

அதனால் சட்டையில் ஆளுக்கொரு கருவி. வாயு கசிந்தால் அலறும். வம்பு என்னவென்றால், மூச்சுக்கு விஷமில்லாத ஹைட்ரஜன் பட்டாலும் அதே அலறல்தான். செல்லுக்குள் ஈரம் ஏறினால் ஹைட்ரஜன் கிளம்பிவிடும், வாரத்தில் பாதி நாள் இதே கூத்து. "ஹைட்ரஜன்தான், விடு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவள் மட்டும் ஒவ்வொரு முறையும் வாசலுக்கு ஓடுவாள். அதிகம் சிரிப்பவன் அவள் தம்பி. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அவளே சொல்லிச் சேர்த்துவிட்ட வேலை.

"மானம் போகுதுக்கா" என்பான்.

அன்று மத்தியானம் கருவிகள் அலறின. அவள் ஓடினாள். டீ நேரம் என்பதால் நாங்களும் பின்னாலேயே ஆடி அசைந்து வந்தோம். வெளியே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"தம்பி எங்க?"

"கடைசி செல்லுல வால்வு பாக்கறான், வந்துடுவான்."

"இந்தக் கத்து கத்துது, அவனுக்குக் கேக்கலையா?"

வாசல் ஆணியில் ஒரு கையுறை தொங்கியது. அதற்குள் ஏதோ கீச்சிட்டது. தொல்லை தாங்காமல் அவன் கழற்றித் திணித்துவிட்டுப் போன கருவி.

சுவரில் இருந்த காற்று உருளையையும் முகமூடியையும் அவள் எடுத்தாள். வார் இரண்டு முறை நழுவியது. எங்களில் ஒருவனும் நகரவில்லை. எங்கள் கால் ஏன் வரவில்லை என்று இன்னும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அவள் உள்ளே போனாள்.

தம்பியின் அக்குளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். முகம் தூங்குகிறவன் முகம் போல அமைதியாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. ஆக்சிஜன் வைத்தோம். நெடுநேரம் கழித்துக் கண் திறந்தான்.

"ஹைட்ரஜன்தான்கா... விடுக்கா" என்று குழறினான்.

ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அவன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் முகமூடியை நாங்கள்தான் கழற்றினோம். விரலை மட்டும் எடுக்க மறுத்துவிட்டாள்.