அரை முகத்துக்கு வந்த பதில்

போன வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸில் ஓர் அலறல். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்த நான் பதறி எழுந்தேன். பாம்பா? ஷாக் அடித்துவிட்டதா?

பக்கத்து சீட் சபீனா! கையில் ஒரு பழுப்புக் கவர். வாயெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"அக்கா... போட்டுட்டாங்க அக்கா! கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்க!"

விஷயம் இதுதான். சபீனாவுக்கு கிரிக்கெட் கார்டு சேர்க்கும் பைத்தியம். சீட்டுக்கட்டு சைஸில், ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகள். அதிலும் பெண்கள் கிரிக்கெட் மட்டும்தான். ஆனால் பழைய ஆட்டக்காரிகளுக்கு யார் கார்டு போட்டார்கள்? இவளே படம் தேடிப் பிடித்து, காரைக்காலில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, அளவாக வெட்டி, இரண்டு கார்டுகளைத் தபாலில் அனுப்புவாள். ஒன்று அவர்களுக்கு. இன்னொன்றில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு ஸ்டாம்ப் ஒட்டிய கவரும் உள்ளேயே இருக்கும்.

சிலர் அனுப்புவார்கள். சிலர் அனுப்ப மாட்டார்கள். சபீனா யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. "அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்க்கா" என்பாள்.

ஆனால் ஒருவர் விஷயத்தில் மட்டும் தவித்துப் போய்விட்டாள். சுழல் பந்து வீசுபவர். இந்தியாவுக்காக ஆடியது ஒரே ஒரு மேட்ச். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது... அதுதானே பிரச்சினையே!

நெட்டில் தலைகீழாக நின்று தேடியும் அவருடைய தனிப்படம் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு டீம் போட்டோ. அதிலும் பின்வரிசை ஓரம். முன்னால் நின்றவரின் தோள் பாதி முகத்தை மறைத்திருந்தது. அந்த அரை முகத்தைத்தான் சபீனா கார்டாக்கினாள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "அரை மூஞ்சிய அனுப்புனா அவங்களுக்கு வருத்தமா இருக்காதாடி?"

"இருக்கறதத்தானேக்கா அனுப்ப முடியும்? முழுசா கெடச்சா அனுப்ப மாட்டனா?"

கோயம்புத்தூரில் ஒரு பள்ளியில் கோச்சாக இருக்கிறார் என்று யார் யாரையோ கேட்டுத் தெரிந்துகொண்டு, அனுப்பியும் விட்டாள்.

பதில் இல்லை. மாதங்கள் போயின. மற்றவர்கள் அனுப்பாதபோது சிரித்தவள், இதற்கு மட்டும் வாடினாள். தபால்காரர் வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பாள். "நீங்க சொன்னது சரிதான்க்கா. அவங்க மனச நோகடிச்சிட்டேன்" என்று ஒருநாள் சொன்னபோது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று தோன்றியது எனக்கு.

அந்தக் கவர்தான் வெள்ளிக்கிழமை வந்தது.

உள்ளே அரை முகக் கார்டு. அதன் குறுக்கே நிதானமாக, அழகாக ஒரு கையெழுத்து. கூடவே மூன்று போட்டோக்கள். பந்தை விடப்போகும் நொடியில் ஒன்று, தொப்பியோடு ஒன்று, வாய்விட்டுச் சிரிப்பது ஒன்று. மூன்றிலும் முழு முகம்! ஒரு கடிதமும் இருந்தது. சபீனா கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை என்னிடம் நீட்ட, நான்தான் உரக்கப் படித்தேன்.

"தாமதத்துக்கு மன்னிக்கவும். என்னிடம் இதுவரை யாரும் ஆட்டோகிராஃப் கேட்டதில்லை. அதனால் கார்டைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். ரஃப் நோட்டில் போட்டுப் பழகினேன். நான் இந்தியாவுக்கு ஆடினேன் என்பதை என் மகள் பாதிதான் நம்பியிருந்தாள். இப்போது நீங்கள் அனுப்பிய கார்டைப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறாள். என் படங்களை அனுப்பியிருக்கிறேன். முழு முகத்தோடு ஒரு கார்டு செய்து அனுப்புவீர்களா? ஒரு வேண்டுகோள். அதில் உங்கள் கையெழுத்து வேண்டும். என் முதல் ரசிகையின் ஆட்டோகிராஃப் எனக்கு வேண்டும்."

குரும்பகரத்திலிருந்து வரும் சேகர் அண்ணன்தான் முதலில் பேசினார். அதுவரை, "உலகக்கோப்பை வாங்குனவங்க கையெழுத்துன்னா சரி, இதெல்லாம் எதுக்கும்மா?" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தவர்.

"பாப்பா, நல்லா போட்டு அனுப்பு. காரைக்கால் மானமே ஒங்கையிலதான் இருக்கு!"

அதற்கப்புறம் யார் வேலை பார்த்தது? சபீனா வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுப் பழகினாள். வருகைப் பதிவேட்டில் போடும் கிறுக்கல் வேண்டாம் என்றோம். தமிழில் போடு என்றேன் நான். அடியில் ஒரு கோடு இழு, கெத்தாக இருக்கும் என்றார் சேகர் அண்ணன். துபாயில் இருக்கும் கணவருக்கு வீடியோ கால் போட்டு, கோடு போட்டது, போடாதது இரண்டில் எது நன்றாக இருக்கிறது என்று கேட்டாள். அவர் கடை கவுன்ட்டரில் நின்றபடியே, "மாஷா அல்லாஹ்! நிக்காஹ் அன்னிக்குக்கூட நீ இவ்ளோ அழகாப் போடலயே!" என்றார்.

திங்கட்கிழமை கார்டு பிரிண்டாகி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் போட்டாள்: சபீனா. அடியில் கோடு.

ஏற்கெனவே ஊரே மொய்க்கிறவர்களிடம்தான் நாமும் போய் நோட்டை நீட்டுகிறோம், இல்லையா? கேட்க ஆளில்லாத ஒருவரிடம் நீட்டிப் பாருங்கள். பேனாவைத் தேடி அவர் ஓடுகிற ஓட்டமே தனி!

இந்தப் பத்தியைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் அவளிடம் படித்துக் காட்டினேன். "பேரை மாத்திப் போட்டுரவா சபீனா?"

"ஏங்க்கா மாத்தணும்? இப்பத்தானே அந்தப் பேர ஒருத்தங்க கையெழுத்தாக் கேட்டிருக்காங்க!"