நோட்டில் இல்லாத பெயர்

பெரியப்பா வீட்டு விசேஷங்களுக்கு நாம் ஏன் போவதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இந்தக் கேள்வி வந்தாலே அம்மா ஏதாவது வேலை இருப்பது போல அடுப்படிக்குள் போய்விடுகிறாள். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை, நீங்களும் வளர்ந்துவிட்டீர்கள், அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டு "அப்பா கதை வுடுறாரு" என்று சிரிக்கக் கூடாது. சிரிப்பீர்கள் என்று தெரியும். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

உங்கள் அப்பா பத்தாவது வரைதான் படித்தவன். அதற்கப்புறம் பம்புசெட்டு மோட்டாருக்குச் செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிற வேலை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நான் நம்பினேன் என்றால் அது கரண்ட் ஒன்றுதான், அதையும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். பேய், பிசாசு, காத்து கருப்பு என்று பேசுகிறவர்களோடு டீக்கடையில் சண்டையே போட்டிருக்கிறேன். இப்போதும் பேயை நம்புகிறேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சித்திரைக் கடைசி. நீங்கள் இரண்டு பேரும் லீவுக்கு அம்மாவோடு பெரம்பலூர் மாமா வீட்டுக்குப் போயிருந்தீர்கள். மதியம் மூன்று மணி இருக்கும், உடையார்பாளையம் பக்கம் வானம் கன்றிப்போன மாதிரி நீலமாகக் கருத்தது, சரி கோடை மழை வருகிறது என்று நான் காயப்போட்ட சட்டையை எடுக்கப் போனேன், பார்த்தால் முந்திரிக் கொல்லைகளுக்கு மேலே புழுதி ஒரு தூணாக எழும்பி, பம்பரம் போலச் சுற்றிக்கொண்டு நம் ஊரைப் பார்த்து வருகிறது. பத்து நிமிஷம் கூட இல்லை. அதற்குள் நாற்பது ஐம்பது வீட்டுத் தகரக் கூரை போய்விட்டது. கரண்ட் கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மூன்றாம் தெரு வேப்பமரத்துக் கிளையில் போய் உட்கார்ந்திருந்தது. இதை நீங்களே வந்து பார்த்தீர்கள்.

அதற்கப்புறம் ஊர் ஒன்று சேர்ந்ததையும் சொல்ல வேண்டும், அது பொய்யில்லை. காலனியிலிருந்து அன்பழகன் மரம் அறுக்கிற மெஷினோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, யாரும் கூப்பிடாமலே ரோட்டில் விழுந்த மரங்களை அறுக்க ஆரம்பித்துவிட்டான். தா.பழூரிலிருந்து யாரோ டெம்போவில் தார்ப்பாய் கொண்டுவந்து இறக்கினார்கள். ஜெயங்கொண்டத்து ஓட்டல்காரர் ஒருவர் இரண்டு அண்டா தக்காளிச் சோறு அனுப்பினார். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் கூட ஒரே தகரத்தை ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கினார்கள். இன்றைக்கும் நம் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள், "அன்னைக்கு எல்லாரும் ஒண்ணா நின்னோம்" என்று. அந்த 'எல்லாரும்' என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரிகிறது.

ஐந்து மணிக்கு மழை விட்டு, மஞ்சளாக ஒரு வெயில் அடித்தது. யாராவது சுவருக்கடியில் சிக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், அதனால் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, தலைக்கட்டு நோட்டைப் படிக்கச் சொன்னார்கள். அந்த நோட்டில்தான் ஊர்த் திருவிழாவுக்காகக் குடும்பத் தலைவர்கள் பெயரை எழுதி வைத்திருப்போம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதியதும் நான், படிப்பதும் நான். மைக் கிடையாது. தொண்டை கிழியக் கத்தித்தான் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் "இருக்கோம்" என்று குரல் கொடுப்பார், நான் பென்சிலால் ஒரு டிக் போடுவேன்.

அறுபது பெயருக்கு மேல் போயிருக்கும். ராமலிங்கம் என்றேன், "இருக்கோம்" என்றார்கள். டிக் போட்டேன். ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த பெயரைப் படித்தேன்.

"செவந்தி."

நம்பினால் நம்புங்கள், அந்தப் பெயரை நான் நோட்டில் பார்த்துத்தான் படித்தேன். என் கையெழுத்தில் இருந்தது. கூட்டத்துக்குப் பின்பக்கமிருந்து ஒரு சின்னக் குரல், "இருக்கேன்" என்றது. டிக் போட்டேன். அடுத்து கலியபெருமாள், அதற்கடுத்தது, அதற்கடுத்தது என்று நோட்டு முடிந்தது. எல்லாப் பெயருக்கும் டிக். ஊரே பெருமூச்சு விட்டது, பெண்கள் அழுதார்கள், ஒருவர் சூடமே ஏற்றிவிட்டார். நானும் ஒரு வாழை இலையை வாங்கிக்கொண்டு தக்காளிச் சோறு சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பசி, நன்றாகவே சாப்பிட்டேன்.

பந்தியில் சோறு போட்டுக்கொண்டு வந்த மருதாயி அக்கா என் முன்னால் வந்து கரண்டியோடு நின்றது. மருதாயி அக்காவின் வாய் உங்களுக்குத் தெரியும்.

"ஏந் தம்பி, நம்ம ஊர் நோட்டுல என்னைக்குய்யா பொம்பள பேர எழுதுனீங்க? என் வூட்டுக்காரரு செத்து ஏழு வருசமாவுது, இன்னும் அவரு பேருக்குத்தான் நான் இருக்கோம்னு கத்திக்கிட்டுக் கெடக்கேன். செவந்திங்கறது யாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எச்சில் கையோடு எழுந்து போய் நோட்டைத் திறந்தேன். ராமலிங்கம். அதற்குக் கீழே கலியபெருமாள். நடுவில் ஒன்றும் இல்லை, ஒரு எறும்பு போகிற இடம்தான் இருக்கிறது. அந்த இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் மட்டும்.

"கொல்லையில முந்திரி பொறுக்க வந்துருக்காளே மலைக்காரி, அவ மவ பேருதான் செவந்தி. கடைக்கு வரும் அந்தப் புள்ள" என்றது அக்கா, அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி.

ஊருக்கு வெளியே இரண்டு கிலோமீட்டரில் பெரியப்பா குத்தகைக்கு எடுத்த முந்திரிக் கொல்லை. சீசனுக்கு மலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் பெண்ணும் வந்து, மரத்தடியில் குடிசை போட்டு, கொட்டை பொறுக்கிக்கொண்டு காவலுக்கும் அங்கேயே இருந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கூட ஒரு நாளும் தோன்றியதில்லை.

அந்தக் குழந்தை கூட்டத்தில் இருக்கிறதா என்று தேடினோம். இல்லை. பெரியப்பாவிடம் ஓடினேன். அவர் தன் மாட்டுக்கொட்டகை மேல் விழுந்த மரத்தை டிராக்டர் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொல்லையில அந்த அம்மாவும் பொண்ணும் இருக்காங்களா?"

"அவங்கள நேத்தே ஊருக்கு அனுப்பிட்டேன்டா."

"நிச்சயமாவா?"

"ஆமாங்கறேன்ல. மாடு அடியில கெடக்கு, நீ வந்து வெசாரண நடத்துற. கயித்தப் பிடி."

பிடித்தேன், பிள்ளைகளே. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் கயிற்றைப் பிடித்தேன். முக்கால் மணி நேரம். மாடு பிழைத்துக்கொண்டது. அதற்கப்புறம் மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்ற வந்த அன்பழகன் காதில் இந்தப் பேச்சு விழுந்தது.

"நேத்தே போயிட்டாங்களா? இன்னைக்குக் காலையில அந்தப் பக்கந்தாங்க ஆடு ஓட்டிக்கிட்டுப் போனேன். அந்தம்மா அடுப்பூதிக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பாத்து நேரம் கூட கேட்டுச்சு."

நான் பெரியப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே, "இருட்டப் போவுது, காலையில பாத்துக்கலாம். நம்ம சனத்துக்கே ஒழுங்கா ஒண்ணும் ஆவல" என்றார். அதுவரை அவரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குக் கையிலிருந்த கயிற்றை அவர் காலடியில் எறிந்துவிட்டு, என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. தெருவே கேட்டது. மருதாயி அக்கா கரண்டியை அண்டாவில் போட்டுவிட்டு, "தின்னது போதும், எந்திரிங்கய்யா!" என்று பந்தியைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டது. முப்பது நாற்பது பேர் கிளம்பினோம். டிராக்டரை மட்டும் பெரியப்பா தரவில்லை.

முந்திரி மரம் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், கிளை எல்லாம் தரையோடு தரையாகப் படர்ந்து உள்ளே இருப்பது தெரியாது. வண்டிப்பாதை முழுக்க அப்படித்தான் கிடந்தது. அன்பழகன் ஒவ்வொரு மரமாக அறுத்துக்கொண்டே போக, நாங்கள் இழுத்துப் போட்டுக்கொண்டே போனோம், கையெல்லாம் முந்திரிப் பால் பட்டு எரிந்தது. குடிசை இருந்த இடத்தில் கிழட்டு மரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தில்தான் அந்தக் குழந்தையை வெளியே எடுத்தோம். இடது கை நசுங்கியிருந்தது, உயிர் இருந்தது. அவளுடைய அம்மா அவளுக்கு மேல் கவிழ்ந்து கிடந்தாள். மூச்சு இல்லை. நான்தான் தோளைப் பிடித்துத் தூக்கினேன். அந்த உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

அந்தச் சூட்டை இன்றுவரை என் உள்ளங்கை மறக்கவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால்? நான் சோறு தின்ற நேரம், கயிறு பிடித்த நேரம். பெரியப்பா மறுநாள், "போயிட்டாங்கன்னுதான்டா நெனச்சேன்" என்று அழுதார். நினைத்தாராம். மாட்டுக்காகச் சொன்ன பொய் அது. ஊர் அவரைச் சமாதானப்படுத்தியது. "எல்லாருக்கும் கஷ்ட காலம்" என்றது. மறுபடியும் அந்த எல்லாரும்.

இதுவரை எழுதியதற்குக் கூட ஏதாவது காரணம் சொல்லிவிடலாம். கடையில் எப்போதோ அந்தப் பெயர் காதில் விழுந்து, களைப்பில் வாய் தவறி வந்திருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பதில் வந்த குரலைக் கேட்டது நானும் மருதாயி அக்காவும் மட்டும்தான். அன்பழகனுக்கு நான் படித்த பெயர்தான் காதில் விழுந்ததாம், பதில் விழவில்லையாம். ஏதோ பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கைக் கட்டோடு படுத்திருந்தாள், பக்கத்தில் மலையிலிருந்து வந்த அவளுடைய சித்தி. நான் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, "இப்ப வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டதும் குரலை வைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கதான பேரு படிச்சீங்க?"

அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை, சித்திக்கே விஷயம் தெரியாது.

"உனக்குக் கேட்டுச்சா?"

"பக்கத்துலேந்து படிச்ச மாதிரி கேட்டுச்சு. இருக்கேன்னு சொன்னேனே. அப்பறம் ஏன் மாமா யாரும் வரல?"

டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன் என்று சொல்லவா. நான் அழுவதைப் பார்த்து அவளே என்னைத் தேற்றுகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு முன்னாடி எங்கம்மா பேரக் கூப்பிட்டீங்க. அம்மாவும் இருக்கேன்னுதான் சொன்னாங்க. மெதுவா சொன்னாங்க. உங்களுக்குக் கேக்கலயா?"

அவள் அம்மாவின் பெயரை அதற்கப்புறம்தான் சித்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பார்வதி. அப்படி ஒரு பெயரை நான் கூப்பிட்டதாக ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. மருதாயி அக்காவும் இல்லை என்றுதான் சொல்கிறது. நோட்டில் அதற்கு டிக்கும் இல்லை. ராமலிங்கம் என்று படித்தேன், ஒரு மூச்சு வாங்கினேன், செவந்தி என்று படித்தேன். அந்த மூச்சுக்குள் நான் என்ன சொன்னேன் என்பதுதான் எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவே இல்லை.