ஆறாவது கப்

ஜெனோ அண்ணா! போன சனிக்கிழமை காலையில் நான் எங்கே நின்றேன் தெரியுமா? நீ என்னை இழுத்துக்கொண்டு போவாயே, அப்படி ஒரு வீட்டு வாசலில். நீ இல்லாமல். முதல் தடவை...

வாசகர்களே, குறை நினைக்காதீர்கள். இந்த வாரம் முதலில் அவனைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. ஜெனோ என் அண்ணன். போன வருஷம் வேலை முடிந்து வந்து படுத்தவன், எழும்பவில்லை. இதயம் என்றார்கள். முப்பத்தொரு வயசு. வருகிற ஞாயிறு தேவாலயத்தில் அவனுடைய ஓராண்டுப் பூசை.

அவனுக்கு ஒரு விசர், பழைய சாமான் பைத்தியம், இருந்தது. இங்கே ஜெர்மனியில் வயசான ஒருவர் இறந்தால், பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை அந்த வீட்டைத் திறந்து விடுவார்கள். யாரும் உள்ளே போகலாம். அலுமாரி, கரண்டி, கம்பளம், படம் — பிடித்ததை விலை பேசி எடுத்துக்கொண்டு வரலாம். எங்கள் எசன் நகரில் எந்த மூலையில் இப்படி ஒரு வீடு திறந்தாலும் ஜெனோ அங்கே நிற்பான். கூடவே நான், பை தூக்க.

அம்மாவுக்கு இது துளியும் பிடிக்காது.

"செத்த வீட்டுச் சாமானை வீட்டுக்குள்ள கொண்டராதையடா. பேயும் சேர்ந்து வரும்."

"வந்தா என்னம்மா? அது ஜெர்மன்லதானே கதைக்கும். உங்களுக்கு விளங்காது, பயப்பிடாதேங்கோ."

இப்படிச் சொல்கிறவனை என்ன செய்வது?

அப்படி ஒரு நாள் வாங்கியதுதான் அந்தக் கப் செட். வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் சின்னச் சின்ன நீலப் பூ. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால்... சோசர் ஆறு, கப் ஐந்து! அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. "ஆறாவதா வாறவர் சோசரில நக்கிக் குடிக்கிறதோ?"

ஜெனோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆறாவது கிடைக்கும் வரைக்கும் இதில ஒருத்தரும் வாய் வைக்கப்படாது!" இரண்டு வருஷம் தேடினான். கிடைக்கவில்லை. அந்த ஐந்து கப்பும் இன்றுவரை கண்ணாடி அலுமாரிக்குள் சும்மா இருக்கிறது.

போன கிழமை ஒரு நாள் அம்மா திடீரென்று சொன்னா: "பிள்ளை, ஞாயிறு பூசை முடிய வீட்டுக்கு வாற ஆக்களுக்கு அவன்ர கப்பிலதான் கோப்பி குடுக்க வேணும்."

"ஆறாவது இல்லாமல் தொடப்படாது எண்டு சொன்னவனெல்லோ, அம்மா?"

"அப்ப போய்த் தேடன்."

பேய்க்குப் பயந்த அதே அம்மாதான்!

இன்டர்நெட்டில் பார்த்தேன். விற்பனைக்குத் திறக்கிற ஒரு வீட்டின் குசினிப் படத்தில், அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் ஓரம், நீலப் பூப் போட்ட ஒரு கப். சனிக்கிழமை எட்டு மணிக்கு முன்னமே வாசலில் நின்றேன்.

உள்ளே சனம் என்றால் சனம். ஒருவர் கட்டிலைத் தட்டிப் பார்க்கிறார். ஒருத்தி திரைச்சீலையை அளக்கிறா. ஜெனோ சொல்லித் தந்த சட்டம் ஒன்று உண்டு: ஆசைப்பட்ட சாமானை நேரே பார்க்கக் கூடாது, வேறொன்றைக் கையில் எடு. சரி என்று ஒரு அகப்பையை எடுத்தேன். பிறகுதான் மெல்லத் திரும்பினேன்.

அதேதான். அதே பூ, அதே காது. ஆனால் அது ஜன்னல் ஓரத்தில் இல்லை. அந்த வீட்டு மகளின் கையில் இருந்தது! அறுபது வயசு இருக்கும். அதில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தா.

"இந்தக் கப்... விற்பனைக்கோ?"

"இல்லை. இது அம்மா குடிக்கிற கப். செட்டில் இது ஒன்றுதான் உடையாமல் மிஞ்சினது. மற்ற எல்லாம் எடுக்கலாம், இது மட்டும் இல்லை."

ஜெனோ என்றால் இன்னும் பத்து நிமிஷம் நின்று கதைத்திருப்பான். எனக்கு ஏலாது. மேசையில் அவவின் அம்மாவின் படமும், பக்கத்தில் ஒரு மெழுகுதிரியும் இருந்தன. அதைப் பார்த்ததும் ஒன்றும் கேட்க வாய் வரவில்லை. அகப்பைக்குக் காசை வைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தேன்.

படியில் நிற்கும்போது பின்னால் சத்தம்.

"ஹலோ! காலையில் இருந்து ஊரே வந்து என் அம்மாவின் அலுமாரியைக் கிண்டுகிறது. அவர்கள்கூட ஒரு 'ட்சுஸ்' சொல்லிவிட்டுப் போனார்கள். கப் தரவில்லை என்று உனக்குக் கோபமா?"

ஐயோ! அப்போதுதான் எனக்கே உறைத்தது. 'ட்சுஸ்' என்பது இங்கே விடைபெறும் சொல்; நான் அதைச் சொல்லாமல் போனது நம்முடைய வழக்கம். செத்த வீட்டில் இருந்து வெளிக்கிடும்போது 'போயிட்டு வாறன்' என்று சொல்லமாட்டோமே? சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்ற மாதிரி ஆகிவிடும். பேசாமல் எழும்பிப் போவதுதான் மரியாதை. ஜெர்மன்காரிக்கு அது எப்படித் தெரியும்?

என்னுடைய ஜெர்மன் வேலைத்தலத்தில் பொறுக்கியது. அதை வைத்துக்கொண்டு ஒருமாதிரி விளங்கப்படுத்தினேன். கோபம் இல்லை, இது செத்த வீடு, அதனால்தான் சொல்லவில்லை என்று.

அவ ஒரு படி இறங்கி வந்தா. கண் நிறைந்துவிட்டது.

"இன்றைக்கு வந்தவர்களில் நீ ஒருத்திதான் இதைக் கடை என்று நினைக்கவில்லை."

பிறகு கேட்டா: "உன் வீட்டில் இறந்தது யார்?"

எப்படித் தெரிந்ததோ! படியிலேயே இருந்து ஜெனோவைப் பற்றிச் சொன்னேன். ஐந்து கப், ஆறு சோசர், பேய்க் கதை எல்லாம். பேய் ஜெர்மன் கதைக்கும் என்றதற்கு வாய்விட்டுச் சிரித்தா. கையில் இருந்த கப்பையே பார்த்தா. தரப்போகிறாவோ என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, ஆசை இருந்தது. அவ விரல் கப்பின் காதை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

பாவம், அவவிடமும் அது ஒன்றுதானே இருக்கிறது?

என் வாய் தானாகச் சொன்னது: "கப் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாவின் பூசைக்கு நீங்கள் வாங்கோ. உங்கள் கப்போடு."

அவ பெயர் மோனிகா. வருகிறேன் என்றா. இம்முறை நான் திரும்பிப் பார்த்துக் கையும் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து, "ஆறாவது கப் கிடைச்சிட்டுதம்மா," என்றேன்.

"எங்க, காட்டு."

"பூசையண்டு தானே நடந்து வரும்."

"உனக்கும் விசரோ?" முழுக் கதையையும் கேட்டா அம்மா. கண்ணாடி அலுமாரியைத் திறந்து, ஆறாவது சோசரை எடுத்துத் துடைத்தா. பிறகு ஒரே ஒரு கேள்வி: "அவ பால் விட்டுக் குடிக்கிறவவோ, பிளேனோ?"

மனசு நிறைந்துதான் இதை எழுதுகிறேன். சாமான் தேடிப் போகிற இடத்தில் சில நேரம் சாமான் கிடைக்காது, ஆள் கிடைக்கும். ஜெனோ இதைத்தான் தேடித் திரிந்தானோ என்னவோ...

ஒரு உதவி, வாசகர்களே. ஞாயிறு காலை, நீங்கள் எங்கே இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், எங்கள் ஜெனோவுக்காக ஒரு செபம் சொல்லுங்கோ. மோனிகாவின் அம்மாவையும் அதிலேயே சேர்த்துவிடுங்கோ. கோபிக்கமாட்டான் — இரண்டையும் ஒரே விலைக்குத் தாங்கோ என்று பேரம் பேசியே பழகினவன்.